லூசியம்மாள் பெயரில் வாங்கிய மாத்திரைகள்

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்து பதினொரு நாளாகிறது. அதில் ஒன்பது நாள் ஒரே ஒரு சொல்லைத் தட்டச்சு செய்ய முடியாமல் வீணாகப் போனது. அந்தச் சொல் வரும் இடத்தில் 'அது' என்று போட்டேன். பிறகு வெறும் புள்ளி வைத்தேன். கெட்ட வார்த்தைக்குப் போடுகிற மாதிரி நட்சத்திரக் குறிகூடப் போட்டுப் பார்த்தேன். பத்தாவது நாள் எனக்கே என்மேல் ஆத்திரம் வந்து, கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். வாந்தி. இந்தாருங்கள், எழுதிவிட்டேன். உள்ளங்கை வேர்த்துவிட்டது. நீங்கள் அதைச் சாதாரணமாகப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பீர்கள், கொடுத்துவைத்தவர்கள்.

எனக்கு வாந்தி என்றால் பயம். அருவருப்பில்லை, பயம். பாம்புக்கோ உயரத்துக்கோ பயந்தால் ஊர் புரிந்துகொள்கிறது. இதைச் சொன்னால் "யாருக்குத்தான் புடிக்கும்?" என்று சிரிக்கிறார்கள். பிடிக்கவில்லை என்று நான் சொல்லவே இல்லையே.

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஒளித்துவைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டுகிற வேலையெல்லாம் எனக்குப் பிடிக்காது. பதினொரு நாளைக்கு முன்னால் புதுச்சேரியில் ஒரு டாக்டர் என் அம்மாவிடம், "எவ்ளோ நாளா குமட்டல் இருக்கு?" என்று கேட்டார். அம்மா பொய் சொன்னாள். அது பொய் என்று தெரிந்த இன்னொரு ஆள் நான். பக்கத்தில் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் வந்தவள் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேறென்ன செய்ய?

அம்மா இப்போது பின்னறையில் படுத்திருக்கிறாள். வயிற்றில் கட்டி, பரவிவிட்டது. நான் முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறேன். நெய்வேலி குவார்ட்டர்ஸ் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நடுவில் பத்தடி இருந்தால் அதிகம். இந்தப் பதினொரு நாளில் அம்மாவுக்கு வாந்தி வந்த ஒரு வேளைகூட அந்தப் பத்தடியை நான் நடக்கவில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

'சி ஷிப்ட் முடிந்து மைன்ஸ் பஸ்ஸில் வந்துகொண்டிருந்த ஜெப்ரின், பின்சீட்டில் யாரோ ஓங்கரிக்கும் சத்தம் கேட்டதும் டிபன் கேரியரை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிற பஸ்ஸிலிருந்து'

[மீதி மூன்று பக்கத்தையும் அழித்துவிட்டேன்.]

ஜெப்ரின் என்று யாரும் இல்லை. என்னை ஆம்பளையாக்கி, மைன்ஸில் வேலை கொடுத்து, அந்தச் சட்டைக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். என் பெயர் வினோலியா. டவுன்ஷிப்பில் ஒரு ஆபீசில் கான்ட்ராக்டில் கம்ப்யூட்டர் வேலை. வயது இருபத்தெட்டு. வாசகர் என்னைவிட ஜெப்ரினை மதிப்பார் என்று நினைத்தேன், வெட்கக்கேடு.

மூன்று பக்கம் போன பிறகுதான் ஜெப்ரினை வைத்துக்கொண்டு இந்தக் கதை நகராது என்று புரிந்தது. ஜெப்ரினுக்குக் குமட்டல் பயம் வந்தால் நேரே மெயின் பஜாருக்குப் போவான். "வாந்தி மாத்திரை ஒரு அட்டை குடுங்கண்ணே" என்பான். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவான். அவ்வளவுதான், கதை முடிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகாது. கல்யாணமாகாத ஒருத்தி அதே கடைக்குப் போனால்தான் இது கதையாகிறது.

3

கடைசியாக நான் வாந்தி எடுத்தது ஆறாம் வகுப்பில். பண்ருட்டிப் பலாச்சுளையை வயிறு முட்டத் தின்றுவிட்டுக் குறிஞ்சிப்பாடி பஸ்ஸில், நிற்கக்கூட இடமில்லாத கூட்டத்தில், ஒரு அம்மாளின் பட்டுப்புடவை மேல் [விவரம் வேண்டாம். என்னால் எழுத முடியாது].

அதற்குப் பிறகு பதினேழு வருஷம் ஒருமுறைகூட எடுக்கவில்லை. டாக்டர்கள் இதைக் கேட்டால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஒருமுறைகூட எடுக்காத நான், ஒவ்வொரு நாளும் இன்று எடுத்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன். பாலை மூன்று தடவை முகர்ந்து பார்ப்பேன். வெளியில் சாப்பிட மாட்டேன். கோயிலில் கடைசி வரிசையில் வாசலோரம்தான் உட்காருவேன். பலாப்பழக் காலத்தில் பஜார் பக்கமே போக மாட்டேன். வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் ஏதோ ஒரு குறை சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவர்களிடம் ஒரு குறையும் இல்லை, கல்யாணம் ஆனால் மசக்கை வருமே.

வீட்டில் அந்தச் சொல்லையே யாரும் சொல்லக் கூடாது. அப்பா பவுல்ராஜ் மைன்ஸில் பர்மனென்ட், கன்வேயர் பெல்ட் பிரிவு. முப்பது வருஷம் மண்ணுக்கும் கரிக்கும் நடுவில் நின்றவர், கிறிஸ்துமஸுக்குக்கூடக் குடிப்பதை நிறுத்திவிட்டார். வேண்டுதல் என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். குடித்துவிட்டு வந்து எடுத்துவிட்டால் பெண் என்ன ஆவாள் என்ற பயம்தான் அவருக்கு. ஒருவருடைய பயத்துக்கு மூன்று பேர் வாழ்ந்தோம்.

4

தானே புயல் அடித்ததற்கு அடுத்த வருஷம், கடலூரில் ஒரு மனநல டாக்டரைப் பார்த்தேன். "இது வயித்துல இல்லம்மா, மனசுல இருக்கு. வாரா வாரம் வா, பேசலாம்" என்றார். வாரா வாரம் ஒன்றரை மணி நேர பஸ். பஸ்ஸில் யாராவது எடுத்துவிட்டால்? பஸ் பயத்தால் போகவில்லை, போகாததால் பஸ் பயமும் போகவில்லை. எழுதும்போது இது சிரிப்பாகத்தான் இருக்கிறது. வரும்போது ஒரு மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார். நாக்கில் வைத்தால் கரைகிற வெள்ளை மாத்திரை, கையோடு வைத்திருந்தால் தைரியமாக இருக்கும் என்றார்.

அதை வாங்கத்தான் பஜாரில் நல்லசாமி மெடிக்கலுக்குப் போனேன். சீட்டில் மனநல டாக்டர் பெயர் இருந்ததால் அதை நீட்டாமல் மாத்திரைப் பெயரை மட்டும் சொன்னேன். என்ன புத்திசாலித்தனம் பாருங்கள்.

"பவுல்ராஜ் பொண்ணுதான?" என்றார் நல்லசாமி. "யாருக்கும்மா?"

அவர் கண் என் முகத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கி மறுபடி ஏறியது. கெட்ட மனிதர் இல்லை, அவரையும் அறியாமல் பார்த்திருப்பார்.

"அம்மாவுக்கு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது இரண்டு பெண்கள் அம்மாவிடம் என் உடம்பைப் பற்றி விசாரித்தார்கள். டவுன்ஷிப்பில் செய்தி இப்படித்தான் போகும். அம்மா வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"நீ இனுமே கடைக்குப் போவாத. எம் பேர்ல நான் வாங்கியாறன். அம்பது வயசுக்காரிக்குக் கொமட்டுனா பித்தம்னுவாங்க, அவ்ளதான். யாரு வயித்தப் பாக்கப்போறா?"

(வெளியூர் வாசகருக்கு ஒரு அடிக்குறிப்பு, அடியில் போடாமல் இங்கேயே: பர்மனென்ட் ஆட்களின் குடும்பத்துக்கு மெடிக்கல் புக் உண்டு. டிஸ்பென்சரியில் காட்டினால் டாக்டர் நோயையும் மருந்தையும் அதில் எழுதுவார், மாத்திரை கிடைக்கும். எழுதியது எழுதியதுதான், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்தப் புத்தகம் கூட வரும். எங்கள் பிளாக் எது என்று சொல்லப்போவதில்லை. அந்த டாக்டர் நல்லவர்.)

பதினைந்து நாளைக்கு ஒருமுறை அம்மா போனாள். "கொமட்டிகினே இருக்குதுங்க டாக்டர்." இதே வாக்கியம். மாத்திரை வந்தது. சனிக்கிழமைப் பாவசங்கீர்த்தனத்தில் அம்மா இதைச் சாமியாரிடம் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை.

5

இப்போது நான் செய்ததை எழுத வேண்டும். இந்தப் பத்தியை ஏழு தடவை அழித்திருக்கிறேன்.

நான் ஒரு மாத்திரைகூடப் போடவில்லை.

முதல் அட்டை வந்த அன்றே இன்டர்நெட்டில் பார்த்தேன். தலைவலி வரலாம், மலச்சிக்கல் வரலாம், சிலருக்கு வயிறு சரியில்லாமல் போகலாம் என்று போட்டிருந்தது. அந்தச் 'சிலர்' நான்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வாந்தி வராமல் இருக்கப் போடுகிற மாத்திரையே வயிற்றைப் புரட்டிவிட்டால் நான் எங்கே போவேன்? போடலாமா வேண்டாமா, போடலாமா வேண்டாமா என்றே இரண்டு வருஷம் ஓடியது. ஒரு அட்டை கைப்பையில் இருந்தால் ஆபீஸ் போக முடிந்தது. மீதியெல்லாம் பீரோவில் என் துணிகளுக்கு அடியில் சேர்ந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். தீர்ந்துபோனால் என்ன செய்வது என்ற பயத்தில் சொல்லவில்லை.

"போட்டியா?" என்பாள் அம்மா.

"போட்டேன்."

"கேக்குதா?"

"கேக்குது."

அவள் எனக்காக டாக்டரிடம் பொய் சொன்னாள். நான் அவளிடம் பொய் சொன்னேன்.

டிஸ்பென்சரி டாக்டர் சும்மா எழுதிக்கொண்டு இருக்கவில்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டு, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கிற ஸ்கோப் எடுக்கலாம் என்றார். அம்மா வீட்டுக்கு வந்து அவரை மாதிரியே பேசிக் காட்டினாள்.

"'ஒரு ஸ்கோப் பாத்துடலாம்மா, வலிக்காது'ங்கறாரு. வேணாங்க, பயமா இருக்குதுங்கன்னு சொல்லிகினு வந்துட்டன். எனுக்கு என்னா பயம்? கொழாய உள்ள வுட்டா ஒண்ணுமே இருக்காதுன்னுதான் பயம்."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். நன்றாகச் சிரித்தோம், அதையும் எழுதத்தான் வேண்டும். மூன்று முறை அவர் கேட்டார். மூன்று முறையும் அம்மா மறுத்தாள், நோயாளிக்குச் சம்மதமில்லை என்று மூன்று முறையும் புத்தகத்தில் ஏறியது. நான்காவது முறை அவர் கேட்கவில்லை. எந்த மனிதன் கேட்பான்?

6

இந்த வருஷம் தை மாதம் அம்மாவுக்கு நிஜமாகவே குமட்டியது.

அவள் அதே நாற்காலியில் உட்கார்ந்து, "கொமட்டிகினே இருக்குதுங்க டாக்டர்" என்றாள். அவரும் அதே மாத்திரையை எழுதினார். அம்மா அதை வாங்கிவந்து என் கையில் கொடுத்தாள்.

[இந்த வாக்கியத்தை இன்னும் நன்றாக எழுத முடியும். மனசு வரவில்லை.]

அப்போதெல்லாம் வீட்டில் அவள் வாந்தி எடுத்து நான் பார்த்ததில்லை, கேட்டதில்லை. சோறு குறைவாகச் சாப்பிட்டாள். கேட்டால் நோன்பு என்றாள். தவக்காலம் முடிந்தும் நோன்பு நீடித்தது, நான் நம்பினேன். பக்கத்து வீட்டுக் கனகம் அக்கா எல்லாம் வெளியே தெரிந்த பிறகுதான் சொன்னார்:

"லூசி அக்கா என் வூட்டு பாத்ரூமுக்குத்தான் ஓடியாருவாங்க. நாலு மாசமா. பொண்ணு வூட்ல இருக்குது, பயந்துக்கும், சொல்லிடாத கனகம்னு சத்தியம் வாங்கிகினாங்க. நான் என்னா பண்ணுவன் வினோலியா?"

நிஜமாகக் குமட்டியபோதாவது ஸ்கோப்புக்குச் சரி என்றிருக்கலாமே என்று அம்மாவிடம் கேட்டேன். கத்தினேன் என்பதுதான் உண்மை.

"மூணு வாட்டி வேணான்னன். இப்ப நானே போயி எடுங்கன்னா, ரெண்டு வருசமா என்னா நாடகம் ஆடுனன்னு கேக்க மாட்டாங்களா? பொய் சொல்லி மாத்தர வாங்கிகினேன்னு தெரிஞ்சா ஒங்கப்பாவுக்கு என்கொயரி. ரிட்டையர்மென்டுக்கு இன்னும் ஒரு வருசம்தான் இருக்குது."

யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டு வருஷக் குமட்டலுக்கு ஸ்கோப் எடுக்க வந்தவளை யார் சந்தேகப்படுவார்கள்? உடனே எடுத்திருப்பார்கள். ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அம்மாவுக்கே தெரிந்திருக்கும். ஆனால் கம்பெனி வீட்டில், கம்பெனி கரண்டில், கம்பெனி தண்ணீரில் முப்பது வருஷம் வாழ்ந்தவர்களுக்கு என்கொயரி என்ற சொல், எனக்கு வாந்தி என்ற சொல் மாதிரி. அதற்கு மேல் யோசனை ஓடாது.

7

சோறே இறங்காமல் போனதும் டிஸ்பென்சரியிலிருந்து புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் மெடிக்கல் புக்கைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "எவ்ளோ நாளா குமட்டல் இருக்கு?"

"புக்குலயே இருக்குதுங்களே. ரெண்டு வருசமா."

"மூணு தடவை ஸ்கோப் வேணாம்னு சொல்லியிருக்கீங்களேம்மா."

"பயமா இருந்துச்சுங்க."

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. நான் சுவரில் இருந்த வயிற்றுப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா அம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தார். அப்பா திட்டி நான் கேட்டதே இல்லை. "மூணு வாட்டி கேட்டிருக்காங்க. மூணு வாட்டி வேணாம்னிருக்க. ஒரு கொழாய்க்குப் பயந்துக்கிட்டு என்ன காரியம் பண்ணி வெச்சிருக்க லூசி? அறிவு வேணாமா ஒரு மனுசிக்கு?" கடலூர் தாண்டும்வரை திட்டினார். பிறகு துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அம்மா அவர் முழங்காலைத் தடவிக்கொடுத்துக்கொண்டே வந்தாள். நான் பின்சீட்டில் இருந்தேன். 'அப்பா, பயம் அவங்களுது இல்ல' என்று சொன்னால் போதும். சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அப்பா இன்னும் அம்மாமேல்தான் குற்றம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

புதுச்சேரியில் எழுதிய மருந்துகளில் முதல் வரியில் அதே மாத்திரை இருந்தது. அப்பா மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் பீரோவைத் திறந்து எல்லா அட்டைகளையும் எடுத்துவந்து அம்மாவின் கட்டிலில் வைத்தேன். நாற்பதுக்கு மேல் இருந்தது. பாதி தேதி கடந்தவை. அம்மா ஒரு அட்டையை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தாள். ஒரு குழிகூடப் பிரிக்கப்படாமல் இருந்தது.

"ஒண்ணுகூடப் போடலியா நீ?"

"இல்லம்மா."

அடித்திருக்கலாம். திட்டியாவது இருக்கலாம், அப்பாவுக்கு வந்த கோபத்தில் பாதியாவது. அவள் நல்ல தேதி உள்ளவற்றைத் தனியாகப் பொறுக்கி எடுக்க ஆரம்பித்தாள்.

"போவுது வுடு," என்றாள். "எனுக்கு ஆவுது பாரு."

8

முடிவுகள். கதை எழுதுகிறவளுக்கு இங்கே கொஞ்சம் அதிகாரம் இருக்கிறது என்று சொல்வார்கள், பார்ப்போம்.

முதல் முடிவு: 'வினோலியா எழுந்தாள். பத்தடி நடந்தாள். அம்மாவின் நெற்றியைத் தன் உள்ளங்கையில்'

இல்லை. நான் எழவில்லை. எழுந்ததாக எழுதினால் அம்மா இரண்டு வருஷம் சொன்னதைவிடப் பெரிய பொய்.

இரண்டாவது: வினோலியா ஒரு மாத்திரையை நாக்கில் வைத்துக்கொண்டு உள்ளே போகிறாள். இதை நேற்று செய்துபார்த்தேன். ஆம், முதல்முறையாகப் போட்டேன். லேசாக இனித்தது, கரைந்தது, வயிறு ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வருஷம் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்லை. கதவுவரை போனேன். உள்ளே அம்மா ஓங்கரிக்கும் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடி, தெருமுனைவரை போய் நின்றேன். அந்த மாத்திரை வயிற்றுக்கு மட்டும்தான். கடலூர் டாக்டர் அன்றே சொன்னார்.

மூன்றாவது: அப்பாவிடம் எல்லாம் சொல்கிறாள், அவர் மன்னிக்கிறார். மன்னிப்பார், எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்ல முடியவில்லை. மன்னித்துவிட்டு அம்மாவிடம் போய், திட்டியதற்காக அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். அதையும் நான் முன்னறையிலிருந்து கேட்க வேண்டியிருக்கும்.

நான்காவது: அம்மா பிழைத்துக்கொள்கிறாள். [டாக்டர் இரண்டு மாதம் என்று சொல்லியிருக்கிறார். அழித்துவிட்டேன்.]

9

இதுவரை அப்பாவும் கனகம் அக்காவும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவின் லீவு நேற்றோடு முடிந்தது. இன்று ஏ ஷிப்ட், இரண்டு மணிக்குமேல்தான் வருவார். கனகம் அக்கா காலையிலேயே வளையமாதேவி போய்விட்டார், மைன்ஸுக்கு நிலம் எடுக்கிற விஷயமாக அவருடைய அண்ணன் வீட்டில் பேச்சு. போகும்போது என் கையைப் பிடித்து, "இன்னிக்கு ஒரு நாள் பாத்துக்க வினோலியா, ஒங்கம்மாதான்" என்றார். சரி என்றேன். சரி என்று சொல்ல எனக்கு நன்றாக வரும்.

மணி பதினொன்று பத்து. இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஆரம்பித்துவிட்டது.

என்னால் முடியவில்லை. அன்பில்லாமல் இல்லை. என் அம்மாமேல் எனக்கு இருக்கிற பிரியத்தை வைத்துக்கொண்டு இதைக்கூடச் செய்ய முடியவில்லை என்றால் அந்தப் பிரியத்துக்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. கை இரண்டையும் விசைப்பலகையில் வைத்திருக்கிறேன். எடுத்தால் காதைப் பொத்திக்கொள்வேன், அதனால் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

நீங்கள் போங்கள். இந்தக் கதைக்கு முடிவு வேண்டுமென்றால் உங்கள் கையில்தான் இருக்கிறது. உங்களுக்கு இது ஒரு பெரிய காரியமில்லை, ஒரு வயதான பெண்மணிக்கு ஐந்து நிமிஷம்.

என் நாற்காலியைத் தாண்டிப் போங்கள், நான் நகர்ந்துகொள்கிறேன். கட்டிலுக்கு அடியில் நீல நிற பேசின் இருக்கும், அவளால் குனிந்து எடுக்க முடியாது, எடுத்துக் கொடுங்கள். ஒரு கையால் நெற்றியைத் தாங்கிக்கொள்ளுங்கள், இன்னொரு கையால் முதுகைத் தடவுங்கள். எலும்பு தட்டும், பயப்படாதீர்கள். முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் கொப்பளிக்க வையுங்கள். கனகம் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெயரால் கூப்பிடுவாள், திருத்த வேண்டாம்.

மூச்சு திரும்பியதும் உங்களிடம் ஒன்று சொல்வாள். என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். "அந்தக் கதவச் சாத்து கனகம், முன்னால புள்ள இருக்குது" என்பாள்.

சாத்தாதீர்கள்.